ஐந்நூறு தலைக்கட்டு

நான் நைட்டி விற்கிறேன். சாரம் என்கிற ஏரியாவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது கடை. ஈரோட்டில் துணி எடுத்து வந்து நானும் சுலோசனாவும் தைக்கிறோம். சுலோசனா எட்டு வருஷமாக என்னிடம் இருக்கிற டெய்லர். நைட்டியைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை இந்த ஊரில் பால் வாங்குவது, கோலம் போடுவது, குப்பை வண்டிக்காரரிடம் சண்டை போடுவது எல்லாம் நைட்டியில்தான் நடக்கிறது. மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் மருந்துக் கடை வரைக்கும் போய் வரலாம்.

இந்தத் தீபாவளிக்கு நானூறு தைத்து அடுக்கியிருந்தேன். அது விற்றால் கடை இருக்கும். விற்காவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு சேதராப்பட்டில் ஏதாவது கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போவதென்று முடிவு. இரண்டு இடத்தில் விசாரித்தும் வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் போய் யாரோ மணியடிக்கச் சாப்பிட்டு, யாரோ மணியடிக்கக் கை கழுவ எனக்கு இஷ்டமில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

முன்பெல்லாம் புது டிசைன் வந்தால் போனிலேயே எல்லோருக்கும் படம் அனுப்புவேன். போன பொங்கலுக்கு ஒரே மத்தியானத்தில் நானூறு பேருக்கு அனுப்பினேன், நம்பர் முடங்கிவிட்டது. நாற்பது பேருக்குக் காலை வணக்கம் அனுப்பலாம், நானூறு பேருக்கு நைட்டி அனுப்பக் கூடாது என்பது சட்டம் போலிருக்கிறது. அதன் பிறகுதான் மெயிலுக்கு மாறினேன். அது நல்லதாகவே போயிற்று. என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆபீஸ் போகிற பெண்கள். வேலை நேரத்தில் போனைப் பார்த்தால் மேலே இருக்கிறவன் முறைப்பான், மெயிலைப் பார்த்தால் வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெயில் அனுப்பித் தருவதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. ஐந்நூறு முகவரி வரை இலவசம், அதற்கு மேல் மாதாமாதம் கட்ட வேண்டும். ஆடித் தள்ளுபடி வரை எனக்கு முந்நூற்றுச் சொச்சம்தான். ஆடியில் புத்திசாலித்தனமாக ஒரு குலுக்கல் வைத்தேன். கூப்பனில் பெயர், கதவு எண், மெயில் எழுதிப் போட்டால் பிரஷர் குக்கர். குக்கர் என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் புருஷன், பெண்டாட்டி, மகன், மாமனார் என்று ஆளுக்கொரு கூப்பன் எழுதிவிட்டார்கள். எழுநூற்று முப்பத்தொன்று ஆகிவிட்டது. வேறு பெயரில் இன்னொரு இலவசக் கணக்கைத் திறந்துவிடலாம் என்று சுலோசனா சொன்னாள். அது ஏமாற்று வேலை என்றேன். உண்மையில் இரண்டு பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

இந்த இடத்தில்தான் அப்பா வருகிறார். பெயர் சாமிக்கண்ணு. மில்லில் வேலை பார்த்தவர். சேதராப்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில், அம்மன் கோயில் தீமிதிக்கு முப்பது வருஷம் தலைக்கட்டு நோட்டு எழுதியவர். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம், திருவிழாவுக்கு ஒரு வரிப்பணம். குடும்பத்தில் மூத்த ஆம்பளை யாரோ அவர் பெயர் நோட்டில் இருக்கும். அம்மா போனதிலிருந்து அப்பா என்னோடு இருக்கிறார். என் மகள் அபி கோயம்புத்தூரில் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் ராஜா பதினோரு வருஷத்துக்கு முன்பு கடலூருக்கு டைல்ஸ் ஒட்டப் போனார். அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வேலைக்குப் போயிருக்கிறார் என்பதுதான் அப்பாவின் கணக்கு.

"எத்தினி பேரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"எழுநூத்தி முப்பத்தொண்ணு."

"எத்தினி வேணும்?"

"ஐநூறு."

"வூட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சா முடிஞ்சுது. இதுக்கா மூணு நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற?"

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஒரே வீட்டுக்கு நாலு மெயில் எதற்கு? பட்டியல் முழுவதையும் அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, குறைந்திருந்த துணியை எடுக்க ஈரோடு போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்தபோது வேலை முடிந்திருந்தது. வேண்டாத பெயர்களை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் அடித்திருந்தார். வேண்டிய பெயர்களுக்கு நீல டிக். கடைசித் தாளில் 'மொத்தம் 486, சரிபார்க்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார். பதினாலு இடம் மிச்சம் வேறு. இவ்வளவு சுத்தமான வேலையை நான் சாரத்தில் பார்த்ததில்லை. சுலோசனா ஒவ்வொரு தாளாக வரிசை எண்ணைச் சொல்லச் சொல்ல, சிவப்பு அடித்தவர்களைக் கம்ப்யூட்டரில் ஒதுக்கி வைத்தேன். எண்ணிக்கையைப் பார்த்தேன், பெயரைப் பார்க்கவில்லை. இதில் என் தப்பும் உண்டு, அதை மறைத்துக் கதை சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மெயிலை அனுப்பினேன். யார் திறந்து பார்த்தார்கள், எத்தனை தடவை பார்த்தார்கள் என்பதையெல்லாம் அந்தக் கம்பெனி காட்டும். ஆடிக்கு அனுப்பியபோது முதல் நாளே இருநூறு பேர் திறந்தார்கள், அறுபது பேர் ஆர்டர் கொடுத்தார்கள். இந்த முறை முப்பத்தொரு பேர் திறந்தார்கள். மூன்று பதில் வந்தது.

முதல் பதில் ரிட்டையர்டு இன்ஜினீயர் சக்கரபாணி என்பவருடையது. 'பொருள்: நைட்டி தொடர்பாக. பார்வை: தங்களின் நேற்றைய மின்னஞ்சல். பார்வையில் கண்ட உடையை நான் அணிவதில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.' இரண்டாவது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர். 'மெர்சி மதாம், நான் பைஜாமாதான்' என்று நன்றி சொல்லி எழுதியிருந்தார். மூன்றாமவர் கைலி உண்டா என்று கேட்டிருந்தார்.

ஆம்பளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேனே தவிர, ஏன் ஆம்பளைகளாகவே எழுதுகிறார்கள் என்று யோசிக்கவில்லை. டிசைன் பிடிக்கவில்லையோ, தலைப்பு சரியில்லையோ என்று உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து, 'உங்கள் அளவு தீரும் முன் வாங்கிவிடுங்கள்' என்று தலைப்பு மாற்றி மறுபடி அனுப்பினேன். நாற்பது பேர் எங்களுக்கு அனுப்பாதே என்று விலகிக்கொண்டார்கள். பதினேழு பேர் புகார் பட்டனை அழுத்திவிட்டார்கள். மறுநாள் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. புகார் அதிகமாக இருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் கணக்கை மூடிவிடுவோம். அதாவது என் கையில் இருந்தது ஒரே ஒரு மெயில். அலமாரியில் நானூறு நைட்டி. தீபாவளிக்குப் பதிமூன்று நாள்.

அன்று மத்தியானம் ஜெயம் அக்கா கடைக்கு வந்தார். அரியாங்குப்பத்தில் இருப்பவர், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வருஷா வருஷம் தன் வார்டில் இருக்கிற எல்லோருக்குமாகச் சேர்த்து முப்பது நைட்டி எடுப்பார். அவர் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. உள்ளே வந்தவர் ஸ்டூலில் உட்காரவில்லை.

"எங்க லேப்புல கமலக்கண்ணன்னு ஒருத்தன் இருக்கான். அவனுக்கு உன் மெயில் வந்திருக்குது. அத கேன்டீன்ல எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிக்கிறான். எனக்கு வரல."

"அப்படி இருக்காதுக்கா, எங்கனா போயிருக்கும், தேடிப் பாருங்க."

"தேடிட்டேன். ரெண்டு வாட்டியும் வரல." அவர் குரல் ஏறவே இல்லை. "வளகாப்புக்குக் கூப்புட மாட்டாங்க, சரி. வூடு குடி போறதுக்குக் கூப்புட மாட்டாங்க, அதுவும் சரி. நைட்டிக்குமா ஹேமா?"

நான் அப்பாவின் தாள்களை எடுத்தேன். அரியாங்குப்பம், ஜெயம். ஸ்கேல் வைத்த சிவப்புக் கோடு. அப்போதுதான் முதல் தடவையாகப் பெயர்களைப் படித்தேன். பார்வதிக்குச் சிவப்பு, அவர் புருஷன் சக்கரபாணிக்கு டிக். கார்குழலிக்குச் சிவப்பு, அவள் மாமனாருக்கு டிக். என்னிடம் நைட்டி வாங்குகிற அத்தனை பெண்களையும் அடித்துவிட்டு, என் கடைப் படியையே மிதிக்காத ஆம்பளைகளை வைத்திருந்தார். கூப்பனில் ஆம்பளைப் பெயரே இல்லாத முப்பத்தெட்டு வீடுகளை மொத்தமாக எடுத்துவிட்டிருந்தார். ஜெயம் அக்காவிடம், இது என் கடையில் நடந்த தப்பு, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்த் தாள்களை அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

"ஜெயம் அக்கா பேர ஏம்ப்பா அடிச்ச?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆம்பள இல்லாத வூடு."

"அதனால?"

"அவங்ககிட்ட நாம வரி வாங்கறதில்லம்மா. பாவம், கஷ்டப்படறவங்க. தொந்தரவு குடுக்கக் கூடாது."

"இது வரி இல்லப்பா. நைட்டி."

"எதுவா இருந்தா என்னா? போய்க் கேக்கறது கேக்கறதுதான?"

கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. முப்பது வருஷம் அப்படித்தான் எழுதினார், அதை ஊரில் எல்லோரும் தர்மம் என்றுதான் சொன்னார்கள். விடுபட்டவர்களை யாரும் கேட்டதில்லை. தாளைப் புரட்டிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் எங்கள் கதவு எண் இருந்தது. மெயில் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க என் பெயரையும் அபி பெயரையும் நானே சேர்த்திருந்தேன். மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது: ராஜா. கணக்கைத் திறந்த அன்று என் பழைய முகவரிகளையெல்லாம் அது தானாக இழுத்துக்கொண்டது, அதில் வந்திருக்க வேண்டும். ஹேமலதா, சிவப்பு. அபி, சிவப்பு. ராஜா, நீல டிக்.

"இது என்னாப்பா?"

"நம்ம வூட்டுக்கு மாப்ள பேருதான். வேற யாரு பேரப் போடறது?"

"இந்த வூட்ட நடத்தறது யாரு?"

"நீதான்."

"அபியப் படிக்க வெக்கறது?"

"நீதான். இல்லன்னு சொன்னனா?" அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உன்னத் தனியா ஒரு தலைக்கட்டுன்னு எழுதிட்டா, அவன் வரமாட்டான்னு நானே எழுதிக் குடுத்தா மாதிரி ஆயிடும்மா."

"அவரு வரமாட்டாருப்பா."

பதினோரு வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

கடைக்குத் திரும்பியதும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். செய்ய வேண்டிய வேலை ஆயிரம் இருந்தது. நான் முதலில் பார்த்தது ராஜாவைத்தான். முதல் மெயிலைப் பதினாலு தடவை திறந்திருந்தார். இரண்டாவதை ஒன்பது தடவை. பதில் இல்லை. மகள் என்ன படிக்கிறாள் என்று பதினோரு வருஷத்தில் ஒரு வரி கேட்காத ஆள் என் நைட்டியை இருபத்து மூன்று தடவை பார்த்திருக்கிறார், ஒன்றுகூட வாங்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அது தெரிந்ததும் என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைச் சாத்திக்கொண்டு பட்டியலைத் திருத்த உட்கார்ந்தோம். சுலோசனாவுக்கு முகத்தைவிட அளவு ஞாபகம் இருக்கும். அவள் ஒவ்வொரு வீட்டிலும் யார் வாங்குவார், யார் உடுத்துவார் என்று சொல்ல, அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் திரும்ப எடுத்தேன். மாமியாரும் மருமகளும் இருக்கிற வீட்டுக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றாள். அதுவும் சரிதான். பெண் பெயரே இல்லாத வீடுகளை விட்டுவிட்டோம். முப்பத்தெட்டு வீடுகளையும் முதலில் சேர்த்தோம், ஜெயம் அக்காவை எல்லோருக்கும் முன்னால் சேர்த்தோம். ஆம்பளைகளை வரிசையாக ஒதுக்கிக்கொண்டே வந்தேன். எங்கள் கதவு எண் வந்தபோது என் பெயரைச் சேர்த்துவிட்டு, மூன்றாவதாக இருந்த பெயரைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன். சுலோசனா பார்த்தாள். மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா அழைக்காமலே வந்திருந்தார். ஜெயம் அக்கா சொன்னதை அவரிடம் அப்படியே சொல்லியிருந்தேன். நைட்டிக்குமா என்ற இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது புதுப் பட்டியலை அச்செடுத்துத் தரச் சொல்லி, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு பெயராக விரலை வைத்து எண்ணினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"ஐநூத்தி ஒண்ணு வருதே."

"தெரியும். யாரையாவது ஒருத்தர எடுத்துடுப்பா."

"யார?"

"குக்கர் வாங்கிட்டுப் போச்சே அந்தம்மாவ எடு. அதுக்கப்புறம் அது இந்தப் பக்கமே வரல."

அப்பா கேட்கவில்லை. விரல் கடைசிப் பக்கத்தில் நின்றிருந்தது. ஐந்நூற்றொரு பெயரில் ஒரே ஒரு ஆம்பளைப் பெயர். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"மூணு திருவிழா ஒருத்தன் வரி கட்டலன்னா நோட்டுலருந்து பேர எடுத்துடுவோம். கூடப் பொறந்த தம்பி பேரையே நான் அடிச்சிருக்கேன். ஆறு மாசம் எங்கூடப் பேசல அவன். இவனுக்குப் பதினோரு திருவிழா வுட்டுட்டேன்."

"என் மெயிலத் தெறந்து தெறந்து பாக்கறாரேப்பா," என்றேன். அதைச் சொன்னது நான்தான். அன்றைக்கு நினைத்தாலும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

"வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறவன் வூட்டு ஆளு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். நேராகத்தான் போட்டார். ஆனால் ஸ்கேலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கம்ப்யூட்டரில் ராஜா பெயரைத் தொட்டதும் இரண்டு பட்டன் வந்தது. ஒதுக்கி வைக்கலாம், இல்லாவிட்டால் நிரந்தரமாக நீக்கலாம். இரண்டாவதின் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அப்பா என்ன என்று கேட்டார், படித்துச் சொன்னேன். நிரந்தரமாக நீக்கினால் பிறகு நாமாக இவரைச் சேர்க்க முடியாது, இவரே வந்து பதிந்துகொண்டால்தான் உண்டு.

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார் அப்பா. "அத அழுத்து."

அழுத்தினேன். அழுகை வந்தது, அழுதேன். அப்பா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுலோசனா மிஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தாள், ஊசிக்குக் கீழே துணியே இல்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஐந்நூறு பேருக்கும் மெயிலை அனுப்பினேன்.

முதல் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. ஜெயம் அக்கா. 'முப்பத்து நாலு, அதில் பெரிய சைஸ் பன்னிரண்டு, புதன்கிழமை வருவேன்.' வேறொன்றும் எழுதவில்லை, கோபம் போனதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் நூற்று நாற்பது வீட்டிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. புகார் ஒன்றுகூட இல்லை. சுலோசனா பெயரும் அளவும் சொல்லச் சொல்ல, அப்பா ஒரு புது நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். அரியாங்குப்பம், ஜெயம், முப்பத்து நாலு. பார்வதி, இரண்டு. கார்குழலி, மூன்று. யாருடைய பெயருக்கு முன்னாலும் புருஷன் பெயர் போடவில்லை. எல்லாம் முடிந்ததும் அடியில் எங்கள் கதவு எண்ணை எழுதி, பக்கத்தில் ஹேமலதா என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினின்னு போடறது?"

"எனக்கு எதுக்குப்பா? நான்தான தெக்கறேன்."

"தலைக்கட்டுன்னா ஒண்ணாவது எடுக்கணும்."

அலமாரியில் தேடி, ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.